செவிச்சோதனை அறையில் வௌவால் புகுந்த படலம்

வாழ்க அவன்! ஆயிரமாயிரம் செவிகளின் ஆழம் அளந்தவன். ஊசி விழும் ஓசைக்கும் இடி விழும் ஓசைக்கும் நடுவே உள்ள படிகளை ஒவ்வொன்றாய் எண்ணி வைத்தவன். "கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்" என்னும் ஒற்றை மந்திரத்தால் முதியோர் இளையோர் என்ற பேதமின்றி எவரையும் நாற்காலியில் ஆடாது அசையாது அமர்த்தவல்லவன். வெள்ளைக் கோட்டணிந்த வேந்தன், இரண்டாம் மாடிக் காதுமருத்துவமனையின் செவிச்சோதனைச் செம்மல் வாழ்க! நாவே, நீ புரளாதே. பேனாவே, நீ வற்றாதே. இங்கே சொல்லப்போவது, கட்டைவிரல் பருமனே உள்ள பகைவன் ஒருவனோடு, நாற்பத்தொரு வயதும் எண்பத்திரண்டு கிலோவும் உடைய அம்மாவீரன் பொருத பெரும்போர்.

அவன் ஆண்ட நாடு எட்டடிக்கு ஆறடி. நாற்புறமும் சாம்பல்நிற நுரைப்பஞ்சு வரிசை வரிசையாய்க் கூர்முனை நீட்டி நிற்கும். உள்ளே பிறக்கும் ஒலியில் ஒரு துளியையும் திருப்பித் தராத கஞ்சச் சுவர்கள் அவை. ஒரு சாண் கனத்தில் ஒரு கதவு. வெளியே கருவியின் முன் அமர்ந்திருக்கும் அவன், உள்ளே அமர்ந்திருப்பவரைக் காண ஒரு கண்ணாடிச் சாளரம். தும்மினாலும் எதிரொலிக்காத அத்திருநாட்டில் பதினான்காண்டு அவன் செங்கோல் கோணாது நின்றது. ஆயினும் எந்த வீரனுக்கும் உடம்பில் கவசம் மூடாத இடம் ஒன்று உண்டல்லவா? இவனுக்கு அது, பறக்கும் பிராணி. கரப்பான் பறந்தாலே கட்டிலில் ஏறுபவன்; ரோமமும் இறக்கையும் ஓருடம்பில் கூடிய ஒன்றை நினைத்தாலே வியர்ப்பவன்.

இனி, அன்றைய நாளின் அருமை கேளுங்கள். அவனுடைய மாமனார் நாற்பதாண்டு ரயில் இன்ஜின் ஓட்டியவர். இரும்புக்குதிரையை அடக்கிய அப்பெருமகனாரின் காதுகளை அந்தக் குதிரையே மெல்ல மெல்லத் தின்றுவிட்டிருந்தது. அவரோ அதை ஒப்புக்கொண்டாரில்லை. இந்தக் காலத்தில் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை என்றும், டிவிக்காரர்களே முணுமுணுக்கிறார்கள் என்றும் தீர்ப்பு வழங்கி, தன் அறைத் தொலைக்காட்சியின் ஒலியைச் சுவர்கள் அதிரும் எல்லைவரை உயர்த்தினார். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரித்து அரை நொடி கழித்துத்தான் அவர் சிரிப்பார். எதற்குச் சிரித்தார்கள் என்று கேட்கமாட்டார். அந்த அரை நொடியைப் பார்க்கத்தான் அவர் மகளுக்கு, அதாவது நம் வீரனின் மனைவிக்கு, மனசு தாங்கவில்லை. ஏழாண்டு முற்றுகையிட்டாள். கெஞ்சினாள், கோபித்தாள், மூன்று நாள் பேசாமலிருந்தாள். பேசாமலிருந்ததை அவர் கவனிக்கவே இல்லை என்பதால் அந்த உத்தியைக் கைவிட்டாள். கடைசியில் ஒருநாள், என்ன நினைத்தாரோ, கோட்டைக்கதவை ஒரு விரற்கடை திறந்து, நிபந்தனை ஒன்றை வெளியே வீசினார்.

"அஞ்சு மணின்னா அஞ்சு மணி. அஞ்சு நிமிஷம் பாப்பேன். அதுக்கு மேல காக்க வெச்சா, அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே தலை வெச்சுப் படுக்கமாட்டேன்."

அந்த ஐந்து மணி இன்று. இன்று காரியம் கெட்டால் அப்பாவின் டிவியை நம் படுக்கையறைச் சுவரோடு ஒட்டி மாட்டிவிடுவேன் என்று மனைவி காலையில் சொல்லியனுப்பியிருந்தாள். விளையாட்டுக்குச் சொல்கிற முகம் அல்ல அது.

நாலு இருபது. கருவிகளைச் சரிபார்க்கக் கோமகன் அறைக்குள் அடியெடுத்து வைத்தான். மேல்மூலையில், இரு நுரைக்கூர்களின் நடுவே, யாரோ மறந்துபோன சுருக்குப்பை போல ஒன்று தொங்கிற்று. சுருக்குப்பைக்கு ஏன் காது என்று எண்ணினான். அதற்குமேல் எண்ணவில்லை, வெளியே இருந்தான்.

பகைவனின் பெருமை பாடாமல் வீரனின் பெருமை விளங்காது, பாடுவோம். கையே சிறகானவன் அவன்: விரல்களை நீட்டி நீட்டிக் குடைக்கம்பிகள் ஆக்கி, அவற்றிடையே தோலை விரித்து வானத்தைப் பிடித்தவன். தலைகீழாய்த் துயில்பவன்: உடம்பின் எடையே கால்விரல்களைப் பூட்டிவிடுவதால், பிடித்துத் தொங்க அவனுக்கு முயற்சி வேண்டாம், பிடியை விடத்தான் முயற்சி வேண்டும். கண்ணிருந்தும் காதால் காண்பவன்: மானிடச் செவிக்கு எட்டாத உச்சத்தில் கூவி, அக்கூவல் எதிலோ பட்டு மீள்வதைக் கேட்டு, மரம் எது, மதில் எது, மாலைக் கொசு எது என்று இருட்டில் எழுதிப் படிப்பவன், இரை நெருங்க நெருங்க நொடிக்கு நூறு கூவலுக்கும் மேல் பொழிபவன். ஓரிரவில் தன் எடையில் பாதிக்குப் பூச்சிகளைத் தின்று, அதற்காக யாரிடமும் ஒரு நன்றிகூட எதிர்பாராதவன். இவை அனைத்தும் நம் வீரனுக்குத் தெரியும். ஒலியைப் படித்தவர் வௌவாலைப் படிக்காமல் தேற முடியாது. அவன் காலத்தில் அது பத்து மதிப்பெண் கேள்வி. ஆனால் விடைத்தாளில் எழுதிய வௌவால் தொங்கவில்லை, காதை ஆட்டவில்லை.

போர் மந்திராலோசனை வரவேற்பு மேசையில் கூடிற்று. அம்மேசைக்குரிய பெண்மணி இருபதாண்டுகளாக அங்கே இருப்பவர்; டாக்டர்கள் மூவர் மாறியும் அவர் மாறவில்லை. செய்தியைக் கேட்டு, எழுதிக்கொண்டிருந்த பேனாவைக்கூட மூடாமல் சொன்னார்: "லைட்ட அணைச்சுட்டு, கதவையும் ஜன்னலையும் தொறந்து வெச்சுட்டு நாம தள்ளி நின்னா, இருட்டினதும் அதுவே போயிடும் சார்."

இருட்டும்வரை ஏது அவகாசம்? நாற்பதே நிமிடம்! மேலும், ஒதுங்கி நின்று வெல்வதும் ஒரு வெற்றியா என்று வீரனின் தோள்கள் விம்மின. அச்சத்தில் விம்மினவா என்பது ஆய்வுக்குரியது. வலக்கையில் நீண்ட கறுப்புக் குடையை வேலெனத் தாங்கினான். இடக்கையில் தடித்த கோப்பு ஒன்றைக் கேடயமாய்ப் பற்றினான். வௌவால் தலைமுடியில் சிக்கிக்கொள்ளும் என்பது வெறும் கட்டுக்கதை என்று பரீட்சையில் எழுதிய அதே கையால், ஓட்டைகளிட்ட நீலநிறக் குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தலையில் மகுடமாய்ச் சூடினான். கூடைக்குள் ஒட்டியிருந்த பஞ்சுருண்டை ஒன்று அவன் செவியோரம் குஞ்சமென ஆடிற்று. எவர் காதிலிருந்து வந்த பஞ்சோ, அவன் கேட்கவில்லை. பகைவன் தப்பி நோயாளிகள் அமரும் கூடத்தில் புகுந்துவிடலாகாது என்று, ஒரு சாண் கதவைத் தன் பின்னே தானே சாத்திக்கொண்டான். சரித்திரத்தின் பெரும்பிழைகள் இப்படித்தான் நிகழ்கின்றன.

குடைநுனி நுரையைத் தொட்டது. பகைவன் நடுங்கத் தொடங்கினான். ஆகா, என் பெயர் கேட்டு அஞ்சினாய் போலும் என்று வீரன் மார்பு நிமிர்ந்தான். பகல் துயிலில் குளிர்ந்துபோன உடம்பைப் பறக்குமுன் நடுங்கிச் சூடேற்றிக்கொள்வது அக்குலத்தின் வழக்கம் என்பதும் அதே பத்து மதிப்பெண்ணில் அடக்கம். வேளைக்கு நினைவு வரவில்லை. நடுக்கம் நின்றது. சுருக்குப்பை குடையாயிற்று. குடை அம்பாயிற்று.

அடுத்து நிகழ்ந்ததை எந்த மொழி பாடும்? சூறையில் அகப்பட்ட சருகென அது சுழன்றது. சருகுக்கு அஞ்சிய யானையென அவன் சுழன்றான். அது கிழக்கே பாய, அவன் மேற்கே பாய்ந்தான்; அறை சிறிதாகையால் இருவரும் வடக்கே சந்தித்தனர். கேடயம் வீழ்ந்தது. வேல் தானாக விரிந்துகொண்டு அவனையே மூலையில் நெருக்கிற்று. அப்போது அவன், மூவுலகும் கிடுகிடுக்க, அண்டம் பிளக்க, ஒரு போர்முழக்கம் செய்தான். "அக்கா" என்பதே அம்முழக்கத்தின் வாசகம்.

முழக்கம் நுரையில் விழுந்து செத்தது. கண்ணாடிக்கு அப்பால் வரவேற்பு மேசை அக்கா தலைகுனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

மறுபடி கூவினான். தன் குரல் தன் வாயை விட்டு ஒரு முழம்கூடப் போகாதது போலிருந்தது. அந்த அமைதியில், நாற்காலிக்கு அடியில் மண்டியிட்டுக் கிடந்த வீரன், முதன்முறையாகப் பகைவனை ஏறிட்டுப் பார்த்தான். அது அவனைத் தாக்கவே இல்லை. சுவரில் மோதிற்று, விழப்போய் எழுந்து எதிர்ச்சுவரில் மோதிற்று, கண்ணாடியில் மோதிற்று. வாயை ஓயாமல் திறந்து திறந்து மூடிற்று. கூவுகிறது. அதுவும் கூவுகிறது, எதுவும் திரும்பி வரவில்லை. தடவித் தெரிந்துகொள்ள ஒரு சுவர்கூடக் கிடைக்காத பெருவெளியில் அது விழுந்துகொண்டிருக்கிறது, அவ்வெளியோ எட்டடிக்கு ஆறடி. பதினான்காண்டு அவன் பெருமைப்பட்ட நுரைப்பஞ்சு இது. கடைசியாக ஒருமுறை மோதி, அவன் முழங்கால் அருகே தரையில் விழுந்தது. மணிக்கட்டுகளை ஊன்றித் தவழப் பார்த்தது. உயரத்திலிருந்து விழுந்து பறக்கப் பழகிய உடம்பு. தரையிலிருந்து எழும்ப அதற்கு வழி தெரியவில்லை.

அவ்வேளை, ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்க, கூடத்தில் மாமனார் எழுந்தருளினார். மேசைப் பெண்மணி மரியாதையோடு எழுந்து, கொஞ்சம் உட்காருங்கள் ஐயா, உள்ளே வௌவால் இருக்கிறது என்று விண்ணப்பித்தார்.

"வால்வா?" என்றார் மாமனார். "நாப்பது வருஷம் வால்வோட குடித்தனம் நடத்தினவன்மா நான். தள்ளு, பாக்கறேன்."

கதவு திறந்தது. இன்ஜின்களின் மன்னர் கண்டது: நாற்காலிக்கு அடியில், நீலக் கூடை அணிந்த மருமகன்; அவன் முன்னே, உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்பு உயிர் ஒன்று.

பிறகு வீரன் எழுந்தான். உடல் உதறிற்று, உதறட்டும் என்று விட்டான். ஹெட்ஃபோன் வந்த அட்டைப்பெட்டியை எடுத்து அதன்மேல் மெல்லக் கவிழ்த்தான். கைபடாமல், வீழ்ந்த கேடயமாகிய கோப்பை அடியில் தள்ளினான். மாமனார் யாரும் கேட்காமலே முன்னே நடந்து, நடைவழியின் சன்னலைத் திறந்து, சிக்னல் காட்டுவது போல் கையசைத்தார். மேகம் கவிந்து, வெளிச்சம் வடிந்துகொண்டிருந்த மாலை. பெட்டியைத் திரைச்சீலையின் உச்சியோடு சேர்த்துப் பிடித்தான் வீரன். குட்டிக் கால் ஒன்று துணியைப் பற்றியது; மற்றது பற்றியது. தலைகீழானது. நடுங்கிற்று. அந்த நடுக்கத்தைக் கண்டு இம்முறை அவன் மார்பு நிமிரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயைத் திறந்தது, இருவர் காதிலும் எதுவும் விழவில்லை. ஆனால் எதிர்க்கட்டடத்திலிருந்தும், தண்ணீர்த் தொட்டியிலிருந்தும், மரத்தின் ஒவ்வோர் இலையிலிருந்தும் அதற்குப் பதில் வந்திருக்கவேண்டும். பிடியை விட்டது, விழுந்தது, தரை தொடுமுன் சன்னல் வழியே பறந்தது.

மணி ஐந்து பன்னிரண்டு. நிபந்தனையின் ஐந்து நிமிடம் செத்து ஏழு நிமிடமாகியிருந்தது. மாமனார் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பறக்கத் தெரிந்த வௌவால் ஏன் உள்ளே அப்படித் தரையில் கிடந்தது என்று கேட்டார். வீரன் அவர் காதருகே குனிந்து, தெரு முழுவதும் திரும்பிப் பார்க்கும் குரலில், வௌவால் தான் கூவுவது திரும்பி வருவதைக் கேட்டுத்தான் வழி கண்டுபிடிக்கும் என்றும், இந்த அறையில் எதுவும் திரும்பி வராது என்றும், அதனால் பாவம், இருக்கும் சுவர் இருப்பதே தெரியாமல் அது மோதி மோதி விழுந்துவிட்டது என்றும் முழங்கினான்.

மாமனார் வௌவால் போன மரத்தின் பக்கம் திரும்பினார்.

"அப்ப," என்றார், "அதுக்கும் ஒண்ணும் கேக்கலையா, மாப்பிள்ள?"

அதுக்கும்! கேளுங்கள் உலகத்தீரே, அந்த உம்மை! எச்சவும்மை என்று இலக்கண நூலார் போற்றும் அச்சிற்றிடைச்சொல், சொல்லாத மற்றொன்றையும் தன்னோடு தழுவி நின்றது. ஏழாண்டு முற்றுகைக்கு இளகாத கோட்டை, மகளின் கண்ணீருக்குத் திறவாத கதவு, ஒற்றை உகரமும் ஒற்றை மகரமும் சேர்ந்த ஈற்றசையில் தானாகத் திறந்தது. வீரன் அவர் முழங்கையைப் பற்றி அறைக்கு அழைத்துப்போனான். இன்னும் அவன் தலையில் இருந்த கூடையை மேசைப் பெண்மணி வழியில் கழற்றிவிட்டார்.

முரசுகள் அதிரட்டும்! சங்கங்கள் ஒலிக்கட்டும், மெல்ல; உள்ளே சோதனை நடக்கிறது! மாமனார் ஹெட்ஃபோனை முடியெனத் தரித்து, பொத்தானைச் செங்கோலெனப் பிடித்து, நுரைச்சுவர்களின் நடுவே நிமிர்ந்து வீற்றிருந்தார். நினைத்திருந்தால் எல்லாவற்றுக்கும் பொத்தானை அழுத்தி ஏய்த்திருக்கலாம். அப்படித்தான் செய்வார் என்று மகள் சத்தியம் செய்திருந்தாள். அவரோ கண்ணை மூடிக்கொண்டு, கேட்டபோது மட்டும் அழுத்தினார். கண்ணாடிக்கு இப்பால் ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஏறின. அப்பால் அவர் விரல் அசையாதிருந்தது. அசையாதிருந்த அந்த ஒவ்வொரு கணத்திலும், நாற்பதாண்டு இன்ஜின் ஓட்டியதினும் பெரிய வீரம் ஒன்று அங்கே அமர்ந்திருந்ததை வெள்ளைக்கோட்டு வேந்தன் தன் கண்ணாரக் கண்டு, வரைபடத்தில் புள்ளி புள்ளியாய்ப் பொறித்தான்.

இரண்டு காதுக்கும் மெஷின் வேண்டும் என்று சொல்லி, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் வரச் சொன்னார்கள்.