பத்தொன்பது கிலோ காற்று

அல் குசைஸ், துபாய்.
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

மதிப்பிற்குரிய மச்சான் சாதிக் பாட்ஷா அவர்களுக்கு, தங்கள் தங்கை ஜுலைஹா பீவியின் கணவன் செய்கு அலாவுதீன் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எனக்குச் சர்க்கரை நூற்றெண்பதிலும் அறையின் ஏசி இருபத்திரண்டிலும் நிற்கின்றன. இரண்டும் இதற்குமேல் இறங்குவதாக இல்லை. அங்கே தாங்களும் மச்சியும் மருமகள் ஹிஃப்ஸாவும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் மேலே தொடர்கிறேன். இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறானே என்று தாங்கள் நினைக்கக்கூடும். வாட்ஸ்அப்பில் எழுதினால் தங்கள் போனை ஜுலைஹா எடுத்துப் பார்ப்பாள். குரலில் சொல்லலாமென்றால் ஐந்து பேர் படுக்கும் அறை இது. நான் ஒரு வாக்கியம் பேசினால் அதற்கு இரண்டு பேர் மறுப்புத் தெரிவிப்பார்கள். அப்படி ஆகிவிட்டது எங்கள் அறை.

வரும் மாதம் பதினான்காம் தேதி தங்கள் மகள் ஹிஃப்ஸாவின் நிக்காஹ். நம்மூர் வழக்கப்படி மாப்பிள்ளை தங்கள் வீட்டிலேயே வந்து தங்கப்போகிறார். அவருக்கான அறைக்குப் பெயின்ட் அடித்துக் கட்டிலும் போட்டாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். அந்தக் கட்டிலுக்குப் புலிப்படம் போட்ட துபாய்க் கம்பளி இரண்டு வரும் என்று ஜுலைஹா தங்களிடம் சொல்ல, தாங்கள் சம்பந்தி வீட்டில் சொல்ல, அவர்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள். கம்பளி வாங்கிவிட்டேன் மச்சான். அதில் குறையில்லை. என் கட்டிலிலேயே என்னோடு படுத்திருக்கின்றன இரண்டு புலிகளும். ஆனால் அவை அங்கே வராது. ஏன் வராது என்பது சர்வதேச விவகாரம். கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் மூன்று அறைகள், பதினைந்து பேர், எல்லோரும் ராமநாதபுரம் மாவட்டம் என்பது தங்களுக்குத் தெரியும். யார் லீவில் ஊருக்குப் போனாலும் அவருக்கு விமானத்தில் கிடைக்கும் முப்பது கிலோவில் எட்டு கிலோ அவருடையது. மீதி இருபத்திரண்டு கிலோ மற்றவர்களுடையது. பால் பவுடர், கோடாலித் தைலம், சோப்பு, அத்தர் என்று அவரவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம். திரும்பி வரும்போது அந்த வீடுகளிலிருந்து தொதல் அல்வா, மாசிக் கருவாடு, இட்லிப் பொடி வந்து சேரும். இதற்கு எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. பக்கத்து அறை முனியசாமியிடம் பெட்டி தூக்கி நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று இருக்கிறது; அந்தத் தராசும், கமுதிக்காரரான அந்த முனியசாமியும்தான் பதினொரு வருடமாக இதன் தலைமைச் செயலகம். போன வருடம் மச்சி கொடுத்தனுப்பிய தொதலை நான் சாப்பிட்டது இந்த ஏற்பாட்டினால்தான். அதை ஒரு ஏற்பாடு என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. காற்று வீசுவதுபோல் நடந்துகொண்டிருந்தது.

இந்த நிலையில் எங்கள் அறை அஸ்கர் அலிக்கு ஞானம் பிறந்தது. அவன் பக்கமும் நியாயம் உண்டு. சென்ற முறை ஊருக்குப் போகையில், எடை கூடிப்போய், மகள் மின்ஹாவுக்கு வாங்கிய விளையாட்டுச் சமையல் செட்டை ஏர்போர்ட்டிலேயே எடுத்து வைத்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று. பெட்டிக்குள் இருந்ததோ பிறர் வீட்டுச் சோப்பு. பிள்ளை இரண்டு நாள் பேசவில்லையாம். திரும்பி வந்தவன் டூட்டி முடிந்ததும் போனில் செய்தியாகப் பார்க்க ஆரம்பித்தான். பிரிட்டன்காரர்கள் ஐரோப்பிய வியாபாரக் கூட்டிலிருந்து விலகியதையும், விலகியது சரியா தப்பா என்று அவர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருப்பதையும் பார்த்துப் பார்த்து, ஒரு வெள்ளிக்கிழமை பிரியாணிச் சட்டியைக் கழுவி வைத்த கையோடு என்னைப் பார்த்து எழுந்து நின்றான்.

"காக்கா, முப்பது கிலோவ எனக்குக் குடுத்தது ஏர்லைன்ஸ்காரன். அதுல எனக்கு எட்டுன்னு சொல்ல இவங்க யாரு? நம்ம கிலோ நமக்கு."

மச்சான், நான் இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. உலகத்தின் உயரமான கட்டிடம் எழுவதைக் கீழே நின்று பார்த்தவன். அப்போதுகூட என் மயிர் இப்படிச் சிலிர்த்ததில்லை. டைல்ஸ் ஒட்டுகிற ஒரு மனிதனுக்குள் இவ்வளவு நாளாக இப்படியொரு பேச்சு எங்கே ஒளிந்திருந்தது என்று மலைத்துப்போனேன். மூன்று வெள்ளிக்கிழமைகள் விவாதம் நடந்தது. நடைவழியில் செருப்பு வைக்க இடமில்லை. கீழ்மாடி மலையாளிகள் வந்தார்கள். மேல்மாடி பாகிஸ்தானி டிரைவர் ஒருவர், கிரிக்கெட் மேட்ச் என்று நினைத்து வந்து, இல்லை கிலோ என்று தெரிந்த பிறகும் ஒரு வார்த்தை புரியாமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். நல்ல இடங்களில் 'அச்சா' என்றும் சொன்னார்.

எதிர்த்தரப்புக்கு எங்கள் அறை ஜெயசீலன். கம்பெனியில் மணல், சிமென்ட் அளவு பார்க்கிறவர், கால்குலேட்டர் இல்லாமல் வாய் திறக்காதவர். "ஆளுக்கு வருசம் ஒரு லீவு. பதினஞ்சு பேருன்னா ஊருலேர்ந்து வருசத்துக்குப் பதினஞ்சு தடவ சாமான் வருது. நம்ம ரூம் வெலகுனா அஞ்சே தடவதான். யோசிச்சுப் பாருங்கப்பா" என்றார். இதற்குப் பதிலே இருக்காது என்று நான் நினைத்தேன். அஸ்கர் அலியோ, "இப்படிக் கணக்கு தெரிஞ்சவங்க சொல்றதக் கேட்டுக் கேட்டுத்தான் நாம இந்தக் கதிக்கு வந்திருக்கோம்" என்றான். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. ஜெயசீலனும் தட்டினார், தன்னை அறியாமல் தட்டிவிட்டதாகப் பிறகு சொன்னார். தராசுக்காரர் முனியசாமியைப் பேசச் சொன்னபோது அவர், "போறவன் கொண்டு போறான், வர்றவன் கொண்டு வர்றான். இதுல பேச என்னய்யா இருக்கு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவருக்குத் தொலைநோக்கு இல்லை என்று கூட்டத்தில் பரவலாகக் கருதப்பட்டது.

விலகினால் நாம் அடுத்தவர் மூட்டையைச் சுமக்க வேண்டாம், சரி, நம் மூட்டையை யார் சுமப்பார் என்று ஒருவர் கேட்டார். "அதெல்லாம் அப்புறம் பேசித் தீத்துக்கலாம்" என்றான் அஸ்கர் அலி. அவன் சொன்ன விதத்தில் அது பதில் போலவே இருந்தது.

வாக்கெடுப்பு எங்கள் அறைக்கு மட்டும். ஐந்து கைகளில் மூன்று விலகுவதற்கு, இரண்டு இருப்பதற்கு. அஸ்கர் அலியும் அவனுக்குக் கீழ்க்கட்டில்காரரும் தூக்குவார்கள் என்பது முன்பே தெரிந்ததுதான். மூன்றாவது கை யாருடையது என்று எழுதுவது ஜனநாயகத்துக்கு அழகல்ல. ஆனால் அந்த ஆள்மேல் எனக்கு இன்றுவரை வருத்தம் உண்டு. வயதில் மூத்தவர், தினமும் பேப்பர் படிக்கிறவர், அனுப்ப வேண்டிய சாமானைக் கட்டிலிலேயே வைத்துக்கொண்டிருக்கிறவர். பேச்சில் மயங்கி அப்படியொரு மனிதர் கையைத் தூக்கலாமா என்று இரவெல்லாம் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

விலகிய மறுநாள் முனியசாமி எங்கள் அறை வாசலில் நின்று, தராசு இனி இந்த அறைக்கு வராது, அது பொதுச்சொத்து என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனார். கோபமே இல்லை. அதிலிருந்து நாங்கள் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆள் நிறுக்கும் மிஷினில் ஏறி நின்று, ஆளின் எடையைக் கழித்துப் பெட்டியின் எடையைக் கண்டுபிடிக்கிறோம். பிரியாணிக்கு முன் பதினோரு கிலோவாக இருந்த பெட்டி பிரியாணிக்குப் பின் பன்னிரண்டாகிவிடுகிறது. ஜெயசீலன் இதற்கு ஒரு வாய்பாடு போட்டிருக்கிறார். 'பேசித் தீர்ப்பதற்கு' நான்கு தடவை கூடினோம். தராசு இருக்கும் அறையில் கூடுவதா, இல்லாத அறையில் கூடுவதா என்பதைத் தாண்டி இன்னும் போகவில்லை.

அடுத்த வாரம் அஸ்கர் அலி இன்னொன்றைக் கண்டுபிடித்தான். இந்த அறைக்குள் ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் சுமப்பதும் ஒரு கூட்டுதானே, அதிலிருந்தும் விலகுவதுதானே நேர்மை என்றான். அதையும் ஏற்றுக்கொண்டோம். இதுவரை நாங்கள் ஒரே அறையில் படுத்திருந்தோம். இப்போது ஐந்து நாடுகள் படுத்திருக்கின்றன.

சென்ற வாரம் அவன் லீவில் ஊருக்குப் புறப்பட்டான். எங்கள் அறையில் நிக்காஹுக்கு முன் ஊர் போகிறவன் அவன் ஒருவன்தான். எனக்கு லீவு டிசம்பரில். அவனுடைய சாமானெல்லாம் சேர்த்து, மின்ஹாவின் சமையல் செட் உட்பட, பதினோரு கிலோ. மீதி பத்தொன்பது கிலோவுக்கு அவனிடம் எதுவுமில்லை. என் இரண்டு கம்பளியும் சேர்ந்து ஏழு கிலோ சொச்சம். நான் அவன் கட்டிலருகே போய் நின்றேன். நிக்காஹ் விஷயத்தையும் எடுத்துச் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான், கண் கலங்கியிருந்தது.

"நீங்க கேட்டு நான் இல்லைங்கிறது எனக்கே கஷ்டமா இருக்கு காக்கா. ஆனா இப்ப உங்க கம்பளிய நான் தூக்குனா, இவ்வளவு பேசுனதுக்கு என்ன அர்த்தம்?"

எனக்கும் அந்த அர்த்தம் தெரியவில்லை. பெரிய பெட்டிக்குள் சாமான்கள் உருண்டு கடகடவென்று சத்தம் போட, அவன் படியிறங்கிப் போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கொள்கைக்காக உயிரைக் கொடுத்தவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். கொள்கைக்காகப் பத்தொன்பது கிலோ காற்றை மதுரை வரைக்கும் தூக்கிப் போன ஒருவனை என் கண்ணால் பார்த்தேன் மச்சான். இதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

கம்பளிக்கு வேறு வழியும் தேடினேன். கப்பல் கார்கோவில் ஐம்பது நாளாகும் என்கிறார்கள். நிக்காஹுக்கு இருப்பது இருபத்தாறு நாள். விமானக் கார்கோவில் கேட்ட தொகைக்கு நிஜப் புலியையே அனுப்பலாம். நாளைக் காலை மதுரை விமானத்தில் முனியசாமி போகிறார். அவரைக் கேட்கலாம்தான். ஆனால் விலகிவந்த அறைக்காரன் எந்த முகத்தோடு அந்த வாசலில் போய் நிற்பது? நேற்று அவர்கள் அறையில் கருவாடு வறுத்தார்கள். கிட்டத்தட்ட மாதம் தவறாமல் அங்கே யாராவது ஊரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறார்கள். எங்கள் அறையில் மீதி நான்கு பேரும் சூப்பர் மார்க்கெட் இட்லிப் பொடியைத் தொட்டுக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். யாரும் பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் மூன்று வெள்ளிக்கிழமைகளில் பேசி முடித்துவிட்டோம் போலிருக்கிறது.

ஆகவே மச்சான், சம்பந்தி வீட்டாரிடம் தாங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். புலிக்கம்பளி இப்போது துபாயில் யாரும் போர்த்துவதில்லை, வழக்கொழிந்துவிட்டது என்று சொல்லலாம். ஜுலைஹாவிடம் மட்டும், அறையில் ஒரு சர்வதேசச் சிக்கல், அதில் உன் கணவனுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். தாங்கள் சொன்னால் நம்புவாள். இந்தக் கடிதத்தையும் தபாலில்தான் அனுப்ப வேண்டும். இங்கே தபாலாபீஸ் எங்கே இருக்கிறது என்று இனிமேல்தான் விசாரிக்க வேண்டும்; இருபத்திரண்டு வருடத்தில் தேவைப்பட்டதில்லை.

மச்சிக்கு என் ஸலாம். மருமகள் ஹிஃப்ஸாவுக்கும் வரப்போகும் மாப்பிள்ளைக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அவர்கள் இருவரும் எதிலிருந்தும் விலகாமல் பல்லாண்டு வாழ துஆ செய்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
செய்கு அலாவுதீன்.

பின்குறிப்பு: அசர் தொழுதுவிட்டு வந்து கடிதத்தை உறையில் போடும்போது முனியசாமி உள்ளே வந்தார். கையில் தராசு. "அந்தக் கம்பளிய எடுங்க பாய்" என்றார். நாங்கள்தான் விலகிவிட்டோமே என்றேன். "நீங்கதான வெலகுனீங்க, கல்யாணப் பொண்ணா வெலகுச்சு?" என்று கேட்டுக்கொண்டே இரண்டையும் கயிறு போட்டு இறுக்கித் தூக்கி நிறுத்தார். ஏழு கிலோ எண்ணூறு. எட்டு கிலோ அவருடையது போக, மீதியெல்லாம் அந்த இரண்டு அறைகளின் சாமான். அதில் ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது என்பது விதி. பிறகு அவர்கள் அறையை எட்டிப் பார்த்தேன். தன் மனைவி நாகவள்ளிக்கு அவர் வாங்கிய குக்கரும் பால் பவுடர் டின்களும் அவர் கட்டிலில் இருக்கின்றன. அவர் போகிறார், அவை போகவில்லை.

ஆகவே மேலே எழுதியதில் கம்பளி வராது என்பது தவறு. கம்பளி வரும். மூன்றாவது கை என்னுடையது. இதை இந்த மாடியில் அறியாதவர் யாருமில்லை, முனியசாமியும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். ஜுலைஹாவிடம் சொல்ல வேண்டாம்.

கடிதத்தையும் தானே கொண்டு போவதாக வாங்கி, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "கம்பளி வராதுன்னு சொல்றதுக்கா இம்புட்டு எழுதுனீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அதான் வருதுல்ல, பெறகு எதுக்கு இந்தக் கனம்?" என்றார். இருந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டார்.