உறை பிரிக்காத லேப்டாப்

ஒரு காட்டில், போனுக்கு டவர் கிடைக்கிற மேட்டுப் பக்கமாக வளை தோண்டி, செல்வராணி என்ற முள்ளம்பன்றி தன் ஒரே மகளோடு குடியிருந்தாள். மகள் பெயர் சுபிக்ஷா. அந்த வருஷம் சுபிக்ஷா பிளஸ் டூ முடித்தாள். ஆத்தங்கரைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்புக்கு இடமும் கிடைத்தது. முள்ளம்பன்றிச் சனத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப் போகிற முதல் பொண்ணு அவள்தான்.

செல்வராணியின் அண்ணன் தங்கப்பாண்டிக்கு இதில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. அவர் மேற்கு மலையில் சுபிக்ஷாவுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். மாப்பிள்ளைக்குச் சொந்தமாகக் கிழங்குத் தோட்டம் உண்டு. படிக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை, ஆனால் முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் அரியர் விழுந்தாலும் உடனே தாம்பூலம் மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தகப்பன் இல்லாத வீடு. மாமன் சொன்னால் சொன்னதுதான்.

கல்லூரியில் சேரும் பிள்ளைகள் சொந்தமாக லேப்டாப் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவும் மகளும் தேவாங்கு கடைக்குப் போனார்கள். தேவாங்கு நல்ல மாதிரிதான். ஆனால் ஒரு கையை எடுத்து இன்னொரு இடத்தில் வைப்பதற்குள் குடிக்கிற டீ ஆறிவிடும். அது மெதுவாக இரண்டு லேப்டாப்பை எடுத்து வைத்தது. ஒன்று விலை குறைந்தது. கறுப்பாக, தடியாக இருந்தது. ஆன் செய்தால் மிக்சி ஓடுகிற மாதிரி சத்தம். இன்னொன்று விலை கூடினது. வெள்ளி நிறத்தில் அப்பளம் போல மெலிசாக இருந்தது. சத்தமே இல்லை. ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றுகூடத் தெரியவில்லை.

தேவாங்கு ரேம் என்றது, கோர் என்றது, கிராபிக்ஸ் என்றது. செல்வராணி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தம்பி, இதுல எதுல படிச்சா அரியர் விழாது?"

தேவாங்கு யோசித்தது. தேவாங்கு யோசித்தால் லேசில் முடியாது. அதற்குள் கடைக்கு வந்த இரண்டு மான்கள் சார்ஜர் வாங்கிக்கொண்டு, பேரம் பேசி, போயும் விட்டன.

"விலை கூடினது வேகமா ஓடும்க்கா," என்றது கடைசியில்.

சுபிக்ஷா அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கறுப்பே போதும், என் படிப்புக்கு இது தாராளம், சீனியர் அக்காவெல்லாம் இதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று காதுக்குள் சொன்னாள். செல்வராணிக்கு மனசு கேட்கவில்லை. முதல் நாளே என் பிள்ளை மற்றவர்கள் முன்னால் மிக்சியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கணுமா என்று நினைத்தாள். காதில் கிடந்ததை அடகு வைத்து வெள்ளி லேப்டாப்பையே வாங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள். திருஷ்டி படக் கூடாது என்று கேமரா மேலேயே பெரிசாக ஒரு பொட்டு. லேப்டாப் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க சுபிக்ஷா நகத்தை வைத்தபோது, செல்வராணி அந்தக் கையிலேயே ஒன்று போட்டாள்.

"பிரிச்சா புதுசு போயிடும்டி. உன் உடம்பு பூரா முள்ளு. ஒரு கீறல் விழுந்தா நான் யார்கிட்ட போய் அழுவேன்?"

அதுவும் நியாயம்தானே. லேப்டாப் அட்டைப்பெட்டிக்குள் போனது. பெட்டிக்குப் பழைய சேலையில் ஒரு பை. பைக்கு மேலே துண்டு. எல்லாம் பீரோவுக்குள். முள்ளம்பன்றி வளைக்குள் பீரோ எப்படிப் போச்சு என்று கேட்கக் கூடாது. அது செல்வராணியின் கல்யாணச் சீர். சாவி அவள் கழுத்தில் தொங்கியது. வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் சுபிக்ஷா ஈரத்துண்டால் முள்ளையெல்லாம் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அம்மா மூடியைத் திறப்பாள். திரையில் ஒரு மலையும் ஒரு ஏரியும் தெரியும். பார்த்தாச்சா என்று கேட்டுவிட்டு மூடிவிடுவாள்.

கல்லூரியில் கொடுத்த வேலையையெல்லாம் சுபிக்ஷா அம்மாவின் போனில் கட்டைவிரலால் அடித்தாள். போன் திரையில் விரிசல். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி. கூடப் படிக்கிற காட்டுப்பன்றி பவளத்திடம் அதே கறுப்பு லேப்டாப் இருந்தது. அதில் மண், சேறு, கடலைத்தோல் எல்லாம் இருக்கும். ஒரு தடவை பவளம் அதன்மேல் உட்கார்ந்தே விட்டாள். அது 'கிர்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மறுபடி வேலை செய்தது. சுபிக்ஷா அதை அப்பப்போ கேட்டு வாங்கிப் பழகினாள். பரீட்சை நெருங்கியபோது பவளம் கையை விரித்துவிட்டாள்.

"உங்க வீட்டுலதான் காட்டுலயே பெரிய லேப்டாப் இருக்காமே. அதுக்குச் சூடம் காட்டிட்டே இருந்தா பாஸ் போட்டுடுவாங்களா?" என்று கேட்டாள்.

மாடல் தேர்வில் சுபிக்ஷா செய்முறைப் பேப்பரில் தோற்றாள். பரீட்சைக்கு வைத்த கம்ப்யூட்டரில் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே நேரம் போய்விட்டது. டவர் கிடைக்கிற மேடு அல்லவா, சேதி அன்றைக்கே மேற்கு மலையில் இருக்கிற மாமன் காதுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையிலேயே தங்கப்பாண்டி வந்துவிட்டார். கையில் தாம்பூலத் தட்டு. மாடலிலேயே இந்த லட்சணம் என்றால் மெயினில் என்ன ஆகும், எதற்கு வீண் அலைச்சல், வருகிற முகூர்த்தத்திலேயே பேசி முடித்துவிடலாம் என்றார். காதில் கிடந்ததை வைத்து அம்மா வாங்கிக் கொடுத்தும் படிக்கவில்லையே என்று கேட்கும்போது அவர் முள்ளெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது.

"எங்க அந்த லேப்டாப்பு? எடு, பாப்போம்."

செல்வராணி பீரோவைத் திறந்தாள். துண்டை எடுத்தாள், பையை அவிழ்த்தாள், பெட்டியைத் திறந்தாள். அண்ணனிடம் முதலில் முள்ளை மடக்கச் சொன்னாள். அவர் மடக்கினார். லேப்டாப் வெளியே வந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு தூசி இல்லை. உறை அப்படியே இருந்தது. தங்கப்பாண்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். குனிந்து மோந்து பார்த்தார். புது வாசனை இன்னும் போகவில்லை. அவர் முகமே மாறிவிட்டது.

"நம்ம சனத்துல இப்படி ஒரு பொருள் யார் வீட்டுல இருக்கு? சீர் வரிசையில நடுவுல வச்சா மாப்பிள்ளை வீடே வாயடைச்சுப் போகும்," என்றார்.

சுபிக்ஷா அதுவரை மூலையில்தான் நின்றாள். மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உறையின் ஓரத்தில் நகத்தை வைத்தாள். சர்ர் என்று கொஞ்சம் பிரிந்தது.

"ஏய், கையை எடு," என்றார் மாமா.

"மெயின் பரீட்சை இன்னும் முடியலையே மாமா. பழகணும்ல. பிரிச்சுக்கறேன்."

"முள்ளு கீறும் புள்ள."

"கீறத்தான் செய்யும்." இன்னும் கொஞ்சம் இழுத்தாள். சர்ர்.

செல்வராணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். தங்கப்பாண்டிக்கு வேர்த்துவிட்டது. தன் மகளைக் கட்டிக்கொடுத்தபோதுகூட அவர் இப்படிக் கலங்கவில்லை.

"இதைப் பிரிக்காம பழக வழியே இல்லையா?"

"ஒரு வழி இருக்கு மாமா. தேவாங்கு கடையில கறுப்பா ஒண்ணு இருக்கு. அதுல சேறே விழுந்தாலும் யாருக்கும் வயிறு எரியாது."

தங்கப்பாண்டி எழுந்தார். தாம்பூலத் தட்டைச் செல்வராணி கையில் கொடுத்தார். நிச்சயத்துக்கு என்று முடிந்து வைத்திருந்த பணத்தோடு நேரே கடைக்குப் போனார். தேவாங்கு பில் போட்டு முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. அப்படியும் அவர் நகரவில்லை. வாங்கி வந்து மருமகள் மடியில் வைத்த பிறகுதான், வெள்ளி லேப்டாப்பில் அவள் பிரித்த ஓரத்தைத் தன் எச்சிலைத் தொட்டு ஒட்டிவிட்டு மூச்சுவிட்டார்.

கறுப்பு லேப்டாப்புக்குச் சந்தனமும் இல்லை, சூடமும் இல்லை. செல்வராணி அதன்மேல் கிழங்குகூட உரித்துப் போட்டாள். சுபிக்ஷா முள்ளைக் கட்டாமல், முகம் கழுவாமல், நினைத்த நேரமெல்லாம் அதில் அடித்தாள். எங்கு பார்த்தாலும் கீறல். செமஸ்டரில் எல்லாப் பேப்பரிலும் பாஸ் ஆகிவிட்டாள். கிழங்குத் தோட்டத்து மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டார்கள்.

அந்தப் பெரிய லேப்டாப் வாங்கின ராசிதான் பிள்ளை பாஸ் ஆனாள் என்று தங்கப்பாண்டி இன்றைக்கும் மேற்கு மலையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு வருகிறவர்களிடம் தேவாங்கு இப்போதெல்லாம் ரேம், கோர் எதுவும் பேசுவதில்லை. படிக்கவா, பீரோவுக்கா என்று மட்டும் கேட்கிறது.

நீதி: கல்லூரிப் படிப்புக்கு ஏற்றது, கீறல் விழுந்தால் சொந்தக்காரர்கள் யாரும் அழாத லேப்டாப். அதை அவர்கள் பணத்திலேயே வாங்க, கீறல் விழுந்தால் அழுவதற்கு ஒரு லேப்டாப் முதலில் வீட்டில் இருக்க வேண்டும்.