யாருடைய முதுகு

"இது எம்பொண்டாட்டி முதுகு! யாரக் கேட்டுக்கினு இத இங்க மாட்டினீங்க?"

கோதண்டபாணி போட்ட கூச்சலில் சீனுவாசன் கையிலிருந்த பன்னீர்ச் செம்பு நழுவித் தரையில் உருண்டது.

கூச்சல் போட்டவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்து, சுற்றுவட்டாரத்து நிலக்கடலையையெல்லாம் வாங்கி விற்பவர். மாதர் சங்கத்தார் படக் கண்காட்சிக்கு இடம் தேடி அலைந்தபோது, மூட்டைகளை நகர்த்தி, வெள்ளையடித்து, தன் கிடங்கையே கொடுத்தவர். பெண்கள் வரைந்த மனித உருவங்கள் மட்டும்தான் வைக்கப்போகிறோம் என்று சொன்னபோது, "பேஷா வையுங்க. எல்லாம் சரஸ்வதி படமாத்தான இருக்கும்" என்று சொல்லியிருந்தார்.

பாதிச் சுவர் அப்படித்தான் இருந்தது. மீதிச் சுவரில் நாற்று நடுகிறவள், கேப்பைக் களி கிண்டுகிறவள், தாடி வைத்த ஒரு பாதிரியார். நடுவில், வாசலுக்கு நேராக, சீனுவாசனின் மனைவி காந்திமதி வரைந்த படம்.

கிணற்றடித் துவைகல்லில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம். இடுப்பில் ஈரத்துணி. ஈரத் தலைமுடி ஒரு தோள் வழியாக முன்னால் சரிந்திருந்தது. மற்றபடி படம் முழுக்க முதுகுதான். காலை வெயில் பட்டுப் பளபளக்கிற, செழிப்பான முதுகு. இடது தோளுக்குக் கீழே ஒரு மச்சம். படத்துக்குக் கீழே 'குளித்த பின்' என்று எழுதியிருந்தது.

சீனுவாசன் விழுப்புரம் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. காந்திமதி கல்யாணத்துக்கு முன்பே பாண்டிச்சேரியில் கன்னியாஸ்திரிகளிடம் சித்திரம் கற்றவள். அவள் கிளியும் செம்பருத்தியும் வரைந்தவரை அவருக்குப் பெருமைதான். இந்த முதுகு வீட்டுக்குள் வந்த நாளிலிருந்துதான், பார்க்கும்போதெல்லாம் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு காந்தி இது?" என்று ஒருநாள் கேட்டும் பார்த்தார்.

"சொன்னா அவங்களுக்கு வெக்கமாப் பூடுங்க" என்று அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது கோதண்டபாணி சிரிக்கிற நிலையில் இல்லை. "போன மாசம் பூரா எம்பொண்டாட்டி சின்னபொண்ணு ஒங்க தெருவுலதான் அக்கா வூட்ல தங்கி இருந்தா. அதே கெணறு! அதே மச்சம்! என் கெடங்குலயே எம்பொண்டாட்டிய மாட்டி வெச்சிருக்கீங்களே!"

"மொதலாளி, கொஞ்சம் மெதுவா…" என்று சீனுவாசன் கையைப் பிசைந்தார்.

"நிறுத்தும்யா!" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு இன்னொருவர் வந்தார். வல்லத்திலிருந்து மனைவியோடு வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்த கிராம முன்சீப் முருகையன். "அது எங்க வூட்டு அஞ்சம்மா முதுகு. அவளும் போன மாசம் விழுப்புரம் போயிருந்தா. அந்த மச்சம் எனக்குத் தெரியாதா?"

கோதண்டபாணி மெல்லத் திரும்பினார். "எம்பொண்டாட்டி மச்சம் ஒமக்கு எப்படிய்யா தெரியும்?"

"எம்பொண்டாட்டி மச்சம் ஒமக்கு எப்படிய்யா தெரியும்?"

இரண்டு பேரும் ஓரடி முன்னால் வந்தார்கள். மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள்.

சீனுவாசன் சட்டென்று தன் அங்கவஸ்திரத்தை உருவிப் படத்தின்மேல் போர்த்தினார். முதுகு மறைந்துவிட்டால் சண்டையும் மறைந்துவிடும் என்பது அவர் கணக்கு.

கணக்கு தப்பியது. 'துணி போட்டு மூடற மாதிரி ஒரு படம் வந்து கீதாம்' என்று கடைத்தெரு முழுக்கச் செய்தி ஓடியது. துணிக்கடைக்காரர் பாதி கிழித்த துணியை அப்படியே போட்டுவிட்டு வந்தார். சரஸ்வதி பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு தாத்தா, பக்கத்து ஆளின் மூக்குக்கண்ணாடியை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். "துணிய எடுங்கய்யா!" என்று பின்னாலிருந்து குரல்கள் கிளம்பின.

துணியை எடுத்தவள் காந்திமதி. "ஏங்க மூடினீங்க? நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருக்குது. அதான் பேஜாரு!" என்று சீனுவாசன் பல்லைக் கடித்தார். "யாருன்னு சொல்லித் தொல. ரெண்டு குடும்பம் அடிச்சிக்கப் போவுது."

"அவங்களக் கேக்காமலே வரைஞ்சிட்டேங்க. இத்தினி பேரு முன்னால சொன்னா அவங்க மானம் இன்னா ஆவறது?"

அதற்குள் முன்சீப் மண்டிக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். இனி யோசிக்க நேரமில்லை. சீனுவாசன் ஒரு முக்காலியின் மேல் ஏறி நின்று, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குடுமியை உள்ளே தள்ளித் தலைப்பாகையைச் சரிசெய்தார்.

"எல்லாரும் கேளுங்க! இது யாரு வூட்டுப் பொம்பளையும் இல்ல. இது என் சம்சாரத்தோட முதுகு!"

கிடங்கு அடங்கியது. முன்சீப்பின் பிடி தளர்ந்தது. ஊர்ப்பெண்களின் மானத்துக்காகத் தன் மானத்தையே கொடுத்துவிட்டோம் என்று சீனுவாசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

கோதண்டபாணி தாடையைச் சொறிந்தார். "படத்த வரைஞ்சது யாரு?"

"என் சம்சாரம்தான்."

"தன் முதுக அந்தம்மா எப்படிப் பாத்துச்சி?"

"அது… கண்ணாடியில."

"கெணத்தடியிலயா?"

சீனுவாசன் தலைப்பாகையை மறுபடி சரிசெய்தார்.

"அப்போ அவங்க வரையல" என்றார் முன்சீப் நிதானமாக. "அவங்க ஒக்காந்திருக்காங்க. வேற எவனோ பின்னால நின்னு வரைஞ்சிருக்கான்."

கூட்டம் முழுதும் காந்திமதியைப் பார்த்தது. அவள் முகம் சிவந்தது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முக்காலியருகே வந்தாள். "நான் கண்ணு பூத்துப்போக வரைஞ்சத இன்னொருத்தன் வரைஞ்சான்னு சொல்றாங்க. நீங்க மேல ஏறி நின்னுக்கினு பாத்துக்கினு இருக்கீங்க!"

அவர் இறங்குவதற்குள் வாசலில் வளையல் சத்தம் கேட்டது. கடைத்தெருவில் யாரோ சொல்லி, சின்னபொண்ணும் அஞ்சம்மாளும் சேர்ந்தே வந்து நின்றார்கள்.

சின்னபொண்ணு படத்தை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். "மல்லாட்டை மூட்டையாட்டம் இருக்குது. இதுவா எம்முதுகு?"

"இல்ல… மச்சம்…" என்று கோதண்டபாணி குழறினார்.

"எனக்கு மச்சமே கெடையாதே! யாரு மச்சத்தப் பாத்துட்டு வந்து எந்தலையில கட்டறீங்க?"

அஞ்சம்மாள் முன்சீப்பிடம் திரும்பினாள். "எனக்கு மச்சம் கழுத்தாண்ட. இத்தினி புள்ளைங்களப் பெத்தும் எங்க கீதுன்னு ஒங்களுக்குத் தெரியல. வூட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்."

இரண்டு ஆண்களும் ஒரே சமயத்தில் சிறுத்துப்போனார்கள். சற்று முன் அடித்துக்கொள்ளப் போனவர்கள் இப்போது தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். கோபத்தை எங்காவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. கண்ணில் பட்டவர் சீனுவாசன்.

"இவரு ஏன்யா இப்படித் துடிச்சாரு?" என்றார் கோதண்டபாணி.

"அதானே! மொதல்ல துணி போட்டு மூடினாரு. அப்புறம் சொந்தப் பொண்டாட்டின்னு பொய் சொன்னாரு" என்று முன்சீப் எடுத்துக்கொடுத்தார். "அப்படிக் காப்பாத்தற அளவுக்கு யாருய்யா அவ?"

பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தாத்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க!"

"தெரியாத பொம்பளைக்கா இவ்ளோ பாடு? பேரச் சொல்லுங்க. இல்லாட்டி எல்லாப் படத்தையும் தெருவுல வெச்சிட்டுக் கெடங்கப் பூட்டறேன்!"

அதைக் கேட்டதும் மாதர் சங்கத்துப் பெண்கள் பதறி எழுந்தார்கள். நாற்று நடுகிறவளை வரைந்த பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். சீனுவாசன் முக்காலியிலிருந்து குதித்து இறங்கினார். ஆத்திரம் முழுக்க மனைவிமேல் பாய்ந்தது.

"எல்லாம் ஒன்னாலதான்! இனிமே வூட்ல பிரஷ்ஷு, சாயம் எதுவும் என் கண்ணுல படக்கூடாது. ஏ பாஞ்சாலி! ஜல்தி வந்து அந்தப் படத்த எறக்கு!"

பாஞ்சாலி விழுப்புரத்தில் அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றுகிறவள். படங்களைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு ரயிலில் கூட வந்தவள், இவ்வளவு நேரம் வெளியே மரத்தடியில் கண்ணயர்ந்திருந்தாள். புடவையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். சுவரிலிருந்த முதுகைப் பார்த்தாள். கோட்டும் தலைப்பாகையுமாக நின்ற சீனுவாசனைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"வேணாம் பாஞ்சாலி" என்றாள் காந்திமதி அவசரமாக.

"நீ சும்மா இரு காந்தி! ஏய், இன்னா சிரிப்பு? ஒனக்கு அவளத் தெரியுமா? தெரிஞ்சா எல்லார் முன்னாலயும் ஒடைச்சிச் சொல்லு!" என்று கத்தினார் சீனுவாசன்.

"அவளா? இன்னாங்கய்யா நீங்க, சனிக்கெழமையானா எண்ணெ தேய்ச்சிக் குளிச்சிட்டு, முடிய அவுத்து முன்னால போட்டுக் காயவெச்சிக்கினு, எங்களத் தண்ணி மொள்ளவுடாம அந்தக் கல்லுமேல குந்திக்கினு இருக்கறது நீங்கதானே!"