டாங்கிள் திறந்த மகான்

இந்தோனேசியாவின் பண்டுங் நகரில் அன்றைக்குக் கொட்டிய மழைக்கு மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்கள்கூட வெளியே தலைகாட்டவில்லை. நாங்கள் வந்துவிட்டோம். தாகோ மேட்டுக் காப்பிக் கடையின் மாடியில் நிற்க இடமில்லை. வாசலில் நனைந்த செருப்புகள் குவிந்து கிடந்தன. கல்யாணமா என்று கீழே யாரோ கேட்டார்கள். கல்யாணத்துக்கு இவ்வளவு சீக்கிரம் யார் வருவார்கள்?

ஆளாளுக்குக் கழுத்தில் ஹெட்போன், கையில் போன், போனின் சார்ஜ் துளையில் விரல் நீளத்துக்கு, பொடியாக இரண்டு பட்டன் வைத்த ஓர் உலோகத் துண்டு. அதற்குப் பெயர் டாங்கிள். இப்போது வருகிற போன்களில் ஹெட்போன் குத்த ஓட்டை கிடையாது அல்லவா? இந்தத் துண்டைச் செருகி அதில் குத்தினால், போனுக்குள் எண்களாகக் கிடக்கிற பாட்டு ஒலியாக மாறி வெளியே வரும். அவ்வளவுதான் அதன் வேலை. அவ்வளவுதான் என்று எங்கள் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள், அடி விழும்.

எங்கள் கூட்டத்தில் பெரியவன் சின்னவன் கிடையாது. எல்லோருக்கும் எல்லோரும் ‘ஓம்’, அதாவது மாமா. அந்த மாமன்மார் அத்தனை பேரும் அன்று ஒரே ஆளுக்காகக் காத்திருந்தோம். அவர் அபா ஜெம்பார்; அபா என்றால் பெரியவர். டாங்கிளைத் திறக்கிறவர்.

கடையில் வாங்குகிற டாங்கிள் மூடிக்கொண்டே இருக்குமாம். எதனால் மூடியது, எங்கே மூடியது என்றெல்லாம் கேட்கக் கூடாது. அபா அதை வாங்கிக்கொண்டு போய், எரிமலை மணல் நிரப்பிய தேக்குப் பெட்டியில் புதைத்து, பக்கத்தில் கமெலான் என்கிற வெண்கல மணி இசையை ஓடவிட்டு, ஒரு வாரம் கழித்துக் கொண்டுவருவார். பிறகு அதை உங்கள் போனில் மாட்டி, கைக்குள் பொத்தி, என்னவோ முணுமுணுப்பார். திறந்துவிடும். திறந்த டாங்கிளில் கேட்டால் பாடகி பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து பாடுவாள், மூச்சுக்காற்று கன்னத்தில் படும் என்று எங்கள் குழுவில் ஒருத்தன் எழுதியிருந்தான். எந்த மடையன் எழுதினான் என்று கேட்காதீர்கள். நான்தான்.

என் பெயர் விகுனா. பாலம் வடிவமைக்கிற பொறியாளன். மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஒரு கம்பியை வைக்க விடமாட்டேன். அந்தப் புத்தியெல்லாம் பாலத்துக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமை அபாவுக்குச் சொம்பு தூக்குவதில் எனக்கு நிகர் எவனும் கிடையாது.

முதல் திறப்பு முடிந்த சில நாளில் என் காதுக்குள் ‘ங்ங்ங்’ என்று ஒரு ரீங்காரம் ஆரம்பித்தது. பாட்டை நிறுத்தினாலும் அது நிற்கவில்லை. பயந்துபோய் அபாவிடம் சொன்னேன்.

“அட, கொடுத்து வெச்ச ஆளுப்பா நீ!” என்று என் முதுகில் தட்டினார். “டாங்கிள் திறந்துச்சு. இப்போ காது திறக்குது. எத்தனை பேருக்குக் கெடைக்கும் இது? ரெண்டாவது திறப்பும் முடியட்டும், அந்தச் சத்தம் பாட்டோட பாட்டா கலந்துடும்.”

வீட்டுக்கு வந்து பெருமையடித்துக்கொண்டேன். என்னைக் ‘காங்’, அதாவது அத்தான், என்று கூப்பிடுகிற என் மனைவி இமாஸ் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“காதுல இரைச்சல் கேட்டா வியாதின்னுதான் ஊர்ல சொல்லுவாங்க. அதுக்கு வாழ்த்துச் சொன்ன ஆள இப்பத்தான் கேள்விப்படறேன்” என்றாள். “காங், நான் கூப்பிட்டா நீங்க திரும்பிப் பாக்கறதே இல்ல. முன்னாடி வேணும்னே பண்றீங்கன்னு நெனச்சேன். இப்போ பயமா இருக்கு.”

அவள் சொன்னதில் பாதிதான் எனக்குக் கேட்டது. மீதியை ஊகித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமைக்குக் காது டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். அபாவிடம் கேட்டேன். கூடவே கூடாது என்றார். மெஷின் வைத்துப் பார்த்தால் திறக்கிற காது மூடிக்கொள்ளுமாம், அப்புறம் அவராலும் திறக்க முடியாதாம். நான் போகமாட்டேன் என்று இமாஸிடம் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை.

“சரி, உங்க அபாவ நானும் ஒரு தடவ வந்து பாக்கறேன். அவர் சொல்றது நெஜம்னா டாக்டர்கிட்ட வரவேணாம். டூப்புன்னா மறுபேச்சு பேசாம வரணும்.”

“உனக்கென்ன தெரியும்? இதுக்கெல்லாம் காது பழகணும்” என்றேன். பழகிய காதாம்! அந்தக் காதில்தான் வண்டு ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிறு, கொட்டும் மழையில் அபா மாடிக்கு வந்தார். தலையில் கறுப்புத் துணிக் கட்டு, பாத்திக் சட்டை, முகத்தில் வாடகை பாக்கி இல்லாதவனின் அமைதி. பின்னால் தேக்குப் பெட்டியைச் சுமந்துகொண்டு ஓம் ஹெர்மன். இந்த ஹெர்மன் கல்லூரியில் மின்னணுவியல் பாடம் நடத்துகிறவர். பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.

என்னோடு வந்த இமாஸ் சற்றுத் தள்ளி ஒரு மேசையில் உட்கார்ந்து, ஒரு தட்டுப் பத்தாகோர் வாங்கிக்கொண்டாள். பொரித்த மீன் உருண்டையும் கடலைச் சாறும் அவளுக்கு இருந்தால் எந்த மகானையும் பொறுத்துக்கொள்வாள்.

முதல் ஆள் நான், எனக்கு இது இரண்டாவது திறப்பு. அபா என் டாங்கிளை மணலிலிருந்து எடுத்து ஊதினார். என் போனில் மாட்டினார்.

“எல்லாரும் கண்ண மூடுங்க. திறக்கற நேரத்துல பார்வ பட்டா ஒலி கெட்டுடும்.”

மூடினோம். முணுமுணுப்பு கேட்டது. “ம், திறங்க” என்றார். போனைத் தூக்கிக் காட்டினார். “சத்தத்தோட கோட்டப் பாருங்க. கூட்டியிருக்கேனா?”

“இல்ல அபா!” என்றோம் ஒரே குரலில். கோடு இருந்த இடத்தில்தான் இருந்தது. எங்களை அவ்வளவு லேசில் ஏமாற்ற முடியாதாக்கும்.

ஹெட்போனை மாட்டினேன். ஐயோ! என் கண்ணில் நீர் வந்துவிட்டது. பாடகி எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. மத்தளக்காரன் மோதிரம் போட்டிருக்கிறான் என்று சொன்னேன். கூட்டம் கைதட்டியது.

ஹெர்மனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவரிடம் என் டாங்கிள் மாதிரியே இன்னொன்று இருந்தது, இன்னும் திறக்காதது. அதை அவர் போனில் மாட்டி, அதே பாட்டை, அதே அளவுக் கோட்டில் வைத்தார். என் ஹெட்போன் கம்பியை இதிலும் அதிலும் மாற்றி மாற்றிக் குத்தினார்.

“இது மூடினது” என்றாள் இமாஸ், இப்போது எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தபடியே.

எல்லோரும் திரும்பினோம். ஹெர்மன் மாற்றிக் குத்தினார்.

“இது திறந்தது.”

மறுபடி மாற்றினார். மாற்றுவது போலப் பாவனை செய்து மாற்றாமலும் விட்டார். இமாஸ் உருண்டையைச் சாற்றில் தொட்டுத் தின்றுகொண்டே, ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னாள்.

“ஹெட்போனே போடாம சொல்றாங்கப்பா!” என்று ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

அபா விடுவாரா? இரண்டு கையையும் விரித்தார். “தங்கக் காது! பொறக்கும்போதே திறந்த காது! என்னோட ஆற்றல் காத்துல போயி அந்தம்மாவத் தொடுது, பாத்தீங்களா?”

“என் வீட்டுக்காரி!” என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். வெட்கம் கெட்டவன்.

இமாஸ் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

“ஆற்றல் வரல அபா, பாட்டுதான் வருது. நீங்க திறந்தத மாட்டினா அந்த ஹெட்போன்லேருந்து பாட்டு என் மேச வரைக்கும் கேக்குது. திறக்காதத மாட்டினா கேக்கல. இதுக்கு எதுக்குத் தங்கக் காது? சத்தம் அதிகம், அவ்வளவுதான்.”

“ஆனா கோடு ரெண்டுலயும் ஒரே எடத்துல இருக்கே தேஹ் இமாஸ்!” என்றார் ஹெர்மன். தேஹ் என்றால் அக்கா.

“இருக்கட்டும். இப்போ ஒண்ணு பண்ணுங்க. இவரோட திறந்த டாங்கிள மாட்டி, என் மேசைக்கு ரெண்டும் ஒரே மாதிரி கேக்கற வரைக்கும் சத்தத்தக் கொறைங்க. காங், நீங்க கண்ண மூடுங்க. எது திறந்ததுன்னு சொல்லுங்க.”

அவள் மேசைப் பக்கம் நின்று சரி என்றதும் மூடினேன். அதுதான் எனக்கு நன்றாக வருமே! முதலில் ஒன்றில் குத்தினார்கள். சப்பென்று இருந்தது. “மூடினது” என்றேன். அடுத்ததில் குத்தினார்கள். ஆகா! அதே மூச்சு, அதே மோதிரம். கண்ணில் மறுபடி நீர் கட்டியது. “இதுதான்! இதுதான் திறந்தது!”

ஒருத்தரும் கைதட்டவில்லை. கண்ணைத் திறந்தேன். என் ஹெட்போன் கம்பி ஹெர்மனின் திறக்காத டாங்கிளில் குத்தியிருந்தது.

இன்னொரு முறை என்றேன். இன்னொரு முறையும் தோற்றேன். ஹெர்மன் உட்கார்ந்து பார்த்தார். மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். பழகிய காது அத்தனையும் மண்ணைக் கவ்வியது.

“மழ ஈரம்” என்றார் அபா. “ஈரத்துல ஆற்றல் எறங்கிடும். நம்பாதவங்க பக்கத்துல இருந்தாலும் எறங்கிடும்.”

“ஏத்திட்டாப் போச்சு” என்று இமாஸ் ஹெர்மனின் போனைக் கையில் எடுத்தாள். “கண்ண மூடச் சொன்னீங்களே, நான் மூடல. தட்டுல எறும்பு ஏறுதான்னு பாத்துக்கிட்டிருந்தேன். நிமிந்து பாத்தா, நீங்க முணுமுணுக்கும்போது ரெண்டு கட்டவெரலும் டாங்கிளோட ரெண்டு பட்டனயும் சேத்து அமுக்கிக்கிட்டே இருந்துச்சு.”

அவளும் அமுக்கினாள். “கேளுங்க, ஓம்.”

ஹெர்மன் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். துள்ளி விழுந்தார். “ஐயையோ, திறந்துடுச்சு!”

அளவுக் கோடு இருந்த இடத்தில்தான் இருந்தது. போனில் இருப்பது போனின் கோடு. டாங்கிளுக்குள் தனியாக ஒரு ஒலிப்படி இருக்கிறது. இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினால் ஒவ்வொரு படியாக ஏறும். பெட்டியோடு வருகிற காகிதத்தில் போட்டிருக்கிறதாம். நாங்கள் யாரும் அதைப் பிரித்தது கிடையாது. பிரித்தால் நாளைக்கு விற்கும்போது மதிப்புக் குறைந்துவிடும்.

அதற்குப் பிறகு என்ன, ஒரே கூச்சல். அபா படியில் இறங்கிய வேகத்துக்கு அவர் ஆற்றல் எங்கும் இறங்கியதாகத் தெரியவில்லை. தேக்குப் பெட்டியை விட்டுவிட்டு ஓடினார். எரிமலை மணலை ஆளுக்கு ஒரு பிடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைப் பூனை வந்தது. பெட்டிக்குள் இறங்கியது. ஒரு சுற்றுச் சுற்றி, காலால் பறித்து, நிம்மதியாகக் குந்தியது. பூனை வளர்க்கிற ஓம் ஒருவர் மணலை மோந்து பார்த்தார்.

“இது எங்க வீட்லயும் இருக்கு. பூனைக்குக் கக்கூசுக்கு விக்கற மணலுப்பா” என்றார்.

அதோடு புத்தி வந்துவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? நாங்கள் கிளம்பும்போது ஒரு ஓம் இமாஸின் பின்னாலேயே ஓடிவந்தார்.

“தேஹ், உங்க கை ராசியான கையா இருக்கு. என்னோடதயும் கொஞ்சம் திறந்து விடுறீங்களா?”

திங்கட்கிழமை மறுபேச்சு பேசாமல் போனேன். டாக்டரம்மா என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார். ‘கீ’ என்று சத்தம் கேட்கிறபோதெல்லாம் அமுக்க வேண்டும். முதலில் சில கேட்டன. அமுக்கினேன். அப்புறம் அமைதி. மெஷினில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று காத்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே இமாஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

கடைசியில் கதவைத் திறந்து கேட்டேன். “அடுத்தது எப்போ டாக்டர் ஆரம்பிப்பீங்க?”

“எல்லாம் முடிஞ்சிடுச்சு விகுனா சார்” என்றார் அவர்.

 போனது திரும்பி வராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், இன்னும் ஒரு படி ஏற்றிக் கேட்டிருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார். இமாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

காது கேட்காதவனுக்கு மாட்டிக்கொள்ளக் கருவி இருக்கிறது என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். யோசிக்காதவனுக்கு இன்னும் எந்தக் கடையிலும் கருவி வரவில்லை. வந்தால் வரிசையில் முதலில் நிற்கப்போவதும் நான்தான். அதுவரைக்கும் நீங்களாவது சொந்த மூளையை உபயோகித்துப் பாருங்கள். இனாம்தானே!