மாவட்டத்தில் இல்லாத பேர்

காமயகவுண்டன்பட்டி கர்ணன் தன் மகனுக்குப் பேர் வைக்க ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தான். அந்தப் பேர் தேனி மாவட்டத்தில் வேறு ஒருத்தனுக்கும் இருக்கக்கூடாது. கம்பத்தில் இருக்கக்கூடாது, போடியில் இருக்கக்கூடாது, மார்க்கையன்கோட்டையில் கைக்குழந்தைக்குக்கூட இருக்கக்கூடாது. இந்த ஒரு நிபந்தனையால் பிள்ளை பிறந்து இரண்டு மாதமாகியும் வெறும் தம்பியாகவே தொட்டிலில் கிடந்தான்.

கர்ணன் பட்ட பாடு அப்படி. அவன் பிறக்கும்போது கர்ணன் இல்லை, தவிட்டான். அவனுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. அதனால் நாலாவதாக வந்தவனை அவன் ஆத்தா பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிட்டை அளந்து போட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டாள். எமன் வந்து கேட்டால், இது நாங்கள் பெற்றதில்லை, தவிட்டுக்கு வாங்கியது என்று சொல்லிவிடலாம். தவிட்டு விலைக்கு வந்த சரக்கை எமனும் சீண்டமாட்டான் என்பது ஏற்பாடு.

எமன் சீண்டவில்லை. பள்ளிக்கூடம் சீண்டியது. வாத்தியார் பேரை வாசித்ததும் பின்பெஞ்சிலிருந்து மாடு கத்தும். இவன் ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லி முடிக்கும்வரை கத்தும். இருபத்திரண்டு வயதில் சென்னைக்கு எழுதிப்போட்டு, கெஜட்டில் அச்சேற்றி, சட்டப்படி கர்ணன் ஆனான். கெஜட்டை மடித்து பீரோவில் வைத்த பிறகுதான் அந்த ஊரில் ஏற்கெனவே இரண்டு கர்ணன்கள் இருப்பது நினைவுக்கு வந்தது. ஊருக்கு அடையாளம் வேண்டாமா? ஒருவன் டிராக்டர் கர்ணன், ஒருவன் கருவாட்டுக் கர்ணன். இவன் தவிட்டுக் கர்ணன்.

ஆகவேதான் அந்த நிபந்தனை. பேர் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. ஒற்றையாகவும் இருக்கவேண்டும்.

அவன் மனைவி மகாலட்சுமிக்கு வேறு கவலை. தேனியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவள். இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. முதல் பிள்ளை, பெண், பதினோராம் நாள் போய்விட்டது. இவன் பிறந்ததிலிருந்து பிள்ளையின் மூக்கருகே புறங்கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பதை அவள் ஒரு வேலையாகவே செய்துவந்தாள். பாலை அடுப்பில் வைத்தால் ஒருதரம், பால் பொங்கினால் ஒருதரம். கூட்டிக்கொண்டிருக்கும்போது விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து ஒருதரம்.

ஒருநாள் காலையில் கர்ணனுக்கு இட்லியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“என்னங்க, உங்களுக்குச் செஞ்ச மாதிரி இவனுக்கும் செஞ்சிரலாமா?”

“எனக்கு என்ன செஞ்சாக?”

“தவிட்டுக்குக் குடுத்து வாங்குறது. பேரும் அதுக்குத் தக்கன வச்சுக்கிடலாம்.”

கர்ணன் இட்லியை அப்படியே வைத்தான். “கான்வென்ட்டுல படிச்சவ பேசுற பேச்சா இது?”

“கான்வென்ட்டுல இதுக்குப் பாடம் வைக்கலீங்க.”

இந்த வீட்டுக்குள் இனிமேல் தவிடு என்ற சொல்லே காதில் விழக்கூடாது என்று கர்ணன் உத்தரவு போட்டான். தன் மகன் வருகைப் பதிவேட்டில் தலைநிமிர்ந்து நிற்பான், அவனைப் பார்த்து ஒரு மாடும் கத்தாது என்று அறிவித்தான். கடைசியாக, “நான் உசுரோட இருக்கிற வரைக்கும் அது நடக்காது” என்றான்.

“நீங்க உசுரோட இருக்கிறதே அது நடந்ததாலதான” என்று சொல்லிவிட்டு மகாலட்சுமி சட்னி எடுக்கப் போனாள். கர்ணன் காதில் விழாதவன்போல் கை கழுவிவிட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பினான்.

அவர்களுக்கு இரண்டு ஏக்கரில் பன்னீர் திராட்சை. தேக்கடிக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களை வண்டிக்காரர்கள் அங்கே அழைத்து வருவார்கள். அவர்கள் பந்தலுக்கடியில் குனிந்து நின்று படமெடுத்துக்கொண்டு, ஜூஸ் குடித்துவிட்டுப் போவார்கள். போகுமுன் பேரும் ஊரும் போன் நம்பரும் எழுத கர்ணன் ஒரு நீளநோட்டு வைத்திருந்தான். பேசுவதற்கு மகாலட்சுமியை வைத்திருந்தான். முன்பு போனிலேயே மொழிபெயர்த்துப் பார்த்தான். அது பன்னீர் திராட்சையைப் பாலாடைக்கட்டித் திராட்சை என்று சொல்லி ஒரு பிரெஞ்சு அம்மாளைக் குடிக்கவிடாமல் செய்துவிட்டது. அன்றோடு போன் ஓய்வு பெற்றது.

அந்த வாரம் ஒரு ரஷ்யாக்காரர் வந்தார். ஆறடி உயரம், பந்தலுக்குள் நுழைய முக்கால்வாசி மடிந்தார். நோட்டில் எழுதினார். பந்தல் காலில் கட்டிய தொட்டிலை ஆட்டிக்கொண்டே மகாலட்சுமி வாசித்தாள்: நெனாஷெவ்.

கர்ணனுக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த ஓசையை அவன் எந்த வாக்காளர் பட்டியலிலும் கேட்டதில்லை. சொந்தப் பேரா, வீட்டுப் பேரா என்று கேட்கச் சொன்னான். வீட்டுப் பேராம். சொந்தப் பேர் இவான். அது அங்கே தெருவுக்கு நாலு பேருக்கு இருக்குமாம். வீட்டுப் பேர்தான் அபூர்வமாம். கர்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டான். இந்தப் பேர் எப்படி வந்தது என்று கேட்கச் சொன்னான்.

ரஷ்யாக்காரர் சொன்னார். நிறையச் சொன்னார். மூன்று விரலை உயர்த்தி ஒவ்வொன்றாக மடக்கினார். நாலாவது விரலை மட்டும் நிமிர்த்திக் காட்டினார். ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டார். மறு கையால் எதையோ வேண்டாம் என்று தள்ளிவிட்டார். கடைசியில் தொட்டிலைக் காட்டிப் புன்னகை செய்தார். மகாலட்சுமி தொட்டிலை ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். இன்னொருதரம் சொல்லச் சொன்னாள் போலிருக்கிறது. அவர் மறுபடியும் விரலை மடக்கினார்.

“என்ன சொல்றாரு?” என்றான் கர்ணன்.

“அபூர்வமான பேராம்.”

“அதத்தான் முன்னாலயே சொன்னாரே. இவ்வளவு நேரம் பேசுனாரு?”

“குளிர் நாட்டுக்காரக. மெதுவாத்தான் சொல்லுவாக.”

“விரல மடக்குனாரே?”

“மொத்தமே மூணு நாலு குடும்பந்தானாம்.”

“கண்ண மூடிக்கிட்டாரே?”

“கண்ணுல விளக்கெண்ணெய விட்டுத் தேடுனாலும் கெடைக்காதாம்.”

கர்ணன் முடிவு செய்துவிட்டான். பிள்ளையின் பேர் நெனாஷெவ்.

மகாலட்சுமி சம்மதிக்கவில்லை. மூன்று நாள் சம்மதிக்கவில்லை. வாயில் நுழையவில்லை என்றாள். சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள் என்றாள். நாளைக்குப் பொண்ணு குடுப்பாகளா என்றாள். ஒவ்வொரு மறுப்புக்கும் கர்ணனின் உறுதி ஒரு முழம் வளர்ந்தது. மனைவி வேண்டாம் என்ற மோட்டாரைத்தான் அவன் வாங்குவான், வேண்டாம் என்ற பாதையில்தான் வண்டியைத் திருப்புவான். கல்யாணமாகி ஐந்து வருஷமாக நடப்பது இது. நாலாம் நாள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்க இஷ்டம்” என்றாள். கர்ணன் அன்றே பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பேரைப் பதிந்துவிட்டான். அங்கிருந்தவர் இது என்ன பேர் என்று கேட்டதற்கு, “மாவட்டத்துக்கே ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு நகல் ஐந்து கேட்டான்.

வெற்றி பெற்றவனுக்குத் தோற்றவள்மேல் இரக்கம் வருமல்லவா? அந்த வாரம் அவள் சொன்ன வேலையையெல்லாம் மறுபேச்சில்லாமல் செய்தான். தொட்டில் கயிறு மாற்றினான், தண்ணீர்த் தொட்டி கழுவினான். வெள்ளிக்கிழமை காலை, அடுத்த தெருச் சந்தனம்மாளின் எருமை கன்று போட்டிருக்கிறது, மில்லில் ஒரு படி தவிடு வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள், பிள்ளையும் அங்கனதான் இருக்கான், வரும்போது தூக்கிட்டு வந்துருங்க என்றாள். தவிடு என்ற சொல் கேட்டதும் கர்ணனின் புருவம் ஏறியது. எருமைக்குத்தானே என்று இறங்கிவிட்டது.

சந்தனம்மாள் குளித்து, தலை முடிந்து, வாசலில் கிழக்கே பார்த்து நின்றிருந்தாள். தோளில் பிள்ளை. கர்ணன் பையை நீட்டினான்.

“கையில குடு தம்பி. கீழ வைக்காத.”

கையில் கொடுத்தான்.

“வாங்கிக்கிட்டேன். இந்தா, ஓம் பிள்ள. நல்லா இருக்கட்டும்.”

ஒரு படி தவிட்டுக்கு இத்தனை மரியாதையா என்று நினைத்துக்கொண்டு கர்ணன் மகனைத் தூக்கி வந்தான். பழகுவதற்குத் தங்கமான மனுசி என்று மனைவியிடமும் சொன்னான். ஆமாங்க என்றாள் அவள்.

ஒரு வருஷம் ஓடியது. பிள்ளை கொழுகொழுவென்று வளர்ந்தான். ஊர் அவனை நெனாசு என்று கூப்பிட்டது. ஒரு மாடும் கத்தவில்லை. கர்ணன் தோட்டத்து முகப்பில் பத்தடி நீளத்துக்கு ‘நெனாஷெவ் திராட்சைத் தோட்டம்’ என்று போர்டு வைத்தான், தமிழில் ஒருதரம், இங்கிலீஷில் ஒருதரம். வந்துபோகிற ரஷ்யாக்காரர்கள் ஓனர் எங்கள் ஊர்க்காரரா என்று கேட்டார்கள். கர்ணன் அடக்கமாகச் சிரித்துக்கொள்வான்.

அந்தப் பெருமைதான் அவனைக் கெடுத்தது. போர்டுக்குக் கீழே மகனை நிறுத்திப் படமெடுத்து, நோட்டில் இருந்த நம்பருக்கு அனுப்பிவைத்தான். நாலாம் நாள் பதில் வந்தது. முழுக்க இங்கிலீஷ், இரண்டு திரை நீளம். மகாலட்சுமி பிள்ளைக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். பாராட்டைக் கேட்க மதியம்வரை பொறுக்கமுடியாமல், கம்பம் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும், இங்கிலீஷ் தெரிந்த பழைய பழக்கக்காரர் ஜெபராஜிடம் கொண்டுபோனான்.

ஜெபராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிறுத்தி நிதானமாகச் சொன்னார். குழந்தைக்குத் தன் குடும்பப் பேரை வைத்ததில் ரஷ்யாக்காரருக்கு ரொம்பப் பெருமை. அவர்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறப்பதற்கு நெனாஷ் என்று பேர் வைப்பார்களாம். நெனாஷ் என்றால் நம்முடையது இல்லை. கெட்டது ஏதாவது தேடி வந்தால், இது எங்கள் பிள்ளையே இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவதற்காம். அவருடைய முப்பாட்டனுக்கு முன்னால் பிறந்த மூன்றும் போய்விட, நாலாவதாக அவர் மட்டும் தங்கினாராம். அவர் வழியில் வந்ததுதான் குடும்பப் பேர். இந்தக் கதையைக் கேட்டு உங்கள் மனைவி கண் கலங்கியதை நான் மறக்கவில்லை என்று முடித்திருந்தார்.

ஜெபராஜ் கையில் கிடைத்த தூக்குவாளியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது.

“ஏலே கர்ணா, இது உன் பழைய பேருல்ல?”

கர்ணன் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டான்.

“அப்ப போர்டுல என்ன எழுதியிருக்க? நம்மது இல்லாத திராட்சைத் தோட்டமா?”

கர்ணன் வண்டியை எடுத்தான். கம்பத்திலிருந்து வீடு வருவதற்குள் பேசவேண்டியதை மூன்றுதரம் ஒத்திகை பார்த்துவிட்டான். வீட்டில் மகாலட்சுமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நெனாஷெவ் கட்டில் காலைப் பிடித்து நின்று, ஊசி போட்ட தொடையைக் காட்டி அப்பாவிடம் புகார் சொன்னான்.

கர்ணன் போனை நீட்டினான். அவள் வாங்கி, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, முழுதும் வாசித்தாள்.

“நல்லா எழுதியிருக்காக” என்றாள்.

“மூணு விரல் மூணு குடும்பம்னு சொன்ன?”

“மூணு சரியாத்தான சொன்னேன்.”

“மூணு நாள் வேணாம்னு அழுத?”

“வேணும்னு சொல்லியிருந்தா வச்சிருப்பீகளா?”

ஒத்திகையில் இந்தக் கேள்வி இல்லை. கர்ணன் தனக்குத் தெரிந்த ஆயுதத்தை எடுத்தான். நாளைக்கே சென்னைக்கு எழுதுகிறேன், கெஜட்டில் போட்டுப் பேரை மாற்றிவிட்டுத்தான் மறுவேலை என்றான்.

மகாலட்சுமி கீரையைத் தள்ளிவைத்தாள். குரல் உயரவில்லை.

“மாத்துங்க. நான் குறுக்க நிக்கல. ஆனா மாத்துன நாள்ல இருந்து இவன் மூக்குல கை வச்சுப் பாக்குற வேலைய நீங்க எடுத்துக்கங்க. பேரு பதிஞ்ச வாரந்தான் நான் அத விட்டேன்.”

கர்ணன் யோசித்துப் பார்த்தான். உண்மைதான். விளக்குமாறு கீழே விழும் சத்தம் கேட்டே வருஷம் ஒன்றாகிறது. அவள் முகத்தில் சதை பிடித்திருந்ததையும் இப்போதுதான் கவனித்தான். பிள்ளை கட்டில் காலை விட்டுவிட்டு இரண்டடி நடந்து வந்து அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டான். நம்முடையது இல்லை என்று சொன்னால் நம்பமுடியாதபடி, அதே மூக்கு, அதே நெற்றி.

கர்ணன் அவனைத் தூக்கிக்கொண்டான். கெஜட்டைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை. ஆனாலும் ஒரு ஆண்பிள்ளை முழுவதுமாகத் தோற்றுவிட்டு எப்படிச் சாப்பிட உட்காருவது? தொண்டையைச் செருமினான்.

“சரி, பேரு இருந்துட்டுப் போகட்டும். அதுல நீ ஜெயிச்ச. ஆனா தவிட்டுக்குக் குடுத்து வாங்குற கூத்த இந்த வீட்ல நடக்க விட்டேனா? அதுல நாந்தான் ஜெயிச்சேன்.”

மகாலட்சுமி மறுபடி கீரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு காம்பைக் கிள்ளினாள்.

“ஏங்க, சந்தனக்கா வீட்ல எருமை ஏதுங்க?”