தளம் போட்ட கிரனோலா

என் அருமை மனைவியும் வருங்காலத் தையல் மெஷின் மெக்கானிக்குமான உனக்கு, உன் புருஷனாகிய கட்டட மேஸ்திரி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், வீடு நலம், தொடக்கூடாது என்று நீ உத்தரவு போட்டுவிட்டுப் போன அடுப்பும் நலம். அங்கு நீயும், பயிற்சி நிலையமும், உன் ஸ்க்ரூடிரைவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. நேற்று போனில், "காலையில பட்டினி கிடந்து வயித்தைப் புண்ணாக்கிக்குவீங்க. பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம், வெள்ளிக்கிழமை கிளம்பி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். போனில் என்னை நீ என்றைக்குப் பேச விட்டிருக்கிறாய்? அதனால்தான் இந்த விரைவுத் தபால். தயவுசெய்து பெட்டியைக் கட்டாதே. கல்யாணமான நாளிலிருந்து மெஷினைப் பிரிச்சுப் பார்க்கணும்னு துடிச்சவ நீ. அடுத்த புதன்கிழமை பரீட்சை எழுதிட்டுத்தான் வரணும். என் காலைச் சாப்பாட்டுக் கவலை போன வாரமே தீர்ந்துபோச்சு. வெளிநாட்டுக்காரங்க காலையில சாப்பிடுற கிரனோலாவை நானே செஞ்சுட்டேன்!

சிரிக்காதே. நம்ம மகதான் போன்ல சொன்னா, "ரொம்பச் சுலபம்ப்பா, ஓட்ஸ், பருப்பு வகை, தேன், கலந்து அவன்ல வைக்க வேண்டியதுதான்"னு. மாடி வீட்டு வங்கிக்காரம்மாகிட்ட அந்த அவனை, அதான் கதவு வெச்ச கரண்ட் அடுப்பை, இரவல் வாங்கினேன். அளவு கேட்டா மக "உங்க இஷ்டம்"கிறா. இஷ்டத்துக்குப் போட்டா கட்டடம் நிக்குமா? ஒரு பங்கு தேன், ரெண்டு பங்கு பாதாம் முந்திரி, நாலு பங்கு ஓட்ஸ். நாங்க தளம் போடுற அதே கலவை. தட்டுல கொட்டி, கொத்துக்கரண்டியால (கழுவினேன், சத்தியமா கழுவினேன்) நல்லா அழுத்தி, ரசமட்டம் வெச்சுப் பார்த்தா குமிழி கச்சிதமா நடுவுல நிக்குது! நடுவுல ஒரு தடவை கிளறணும்னு மக சொல்லியிருந்தா. போட்ட தளத்தை எவனாவது கிளறுவானா? விட்டுட்டேன்.

ஆறினதும் பார்த்தா, அடேயப்பா, ஒரு விரிசல் கிடையாது. கத்தி இறங்கலை. சுத்தியல்தான் எடுத்தேன். ஒரு மூலை உடைஞ்சுது. அதை வேலைக்குக் கொண்டுபோய்க் கம்பி கட்டுறவருக்குக் கொடுத்தேன். கடிச்சுப் பார்த்துட்டு, தாடையைப் பிடிச்சுக்கிட்டு, "மேஸ்திரி, இது எந்த கிரேடு கான்கிரீட்?"ன்னு கேட்டார். பொறாமைதான், வேற என்ன.

அப்புறம்தான் மண்டையில உறைச்சது. தளம் போட்டவன் தண்ணி விட மறந்துட்டேன்! தண்ணி விட்டாத்தானே தளம் உறுதியாகும்? சாப்பிடுற சாமானாச்சேன்னு தண்ணிக்குப் பதிலா பாலை ஊத்தி, ஈரத்துணி போர்த்தி வெச்சேன். காலையில பார்த்தா, என் சர்வீஸ்ல பார்க்காத அதிசயம், தளம் தளதளன்னு இளகிக் கிடக்கு. பயந்து பயந்து ஒரு ஸ்பூன் வாயில வெச்சேன். அமிர்தம்! முழுத் தட்டையும் வழிச்சுத் தின்னுட்டேன். இனி கேட்கணுமா? உடனே ரெண்டாவது தட்டும் அவனுக்குள்ள ஏத்தியாச்சு. ஆகவே நான் பட்டினி கிடப்பேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. நீ இல்லாம வீடு வெறிச்சுன்னுதான் இருக்கு, இல்லேன்னு சொல்லலை. அதுக்காகப் படிப்பைப் பாதியில விடுவாங்களா?

பிரித்த மெஷினைத் திரும்பப் பூட்டும்போது உன் கையில் ஒரு ஸ்க்ரூகூட மிஞ்சக்கூடாது என்று ஆசீர்வதிக்கும்,

உன் வீட்டுக்காரன்.

பி.கு.: மேலே எழுதினதுல ஒரு சின்னத் திருத்தம். ரெண்டாவது தட்டு இன்னும் அவனுக்குள்ளதான் இருக்கு. ருசி கண்ட தைரியத்துல தேனைத் தாராளமா ஊத்திட்டேன். அது வழிஞ்சு கதவிடுக்குல போய் இறுகிப்போச்சு. பிடிச்சு இழுத்தேன், கைப்பிடி மட்டும் கையோட வந்துடுச்சு. அன்னைக்கிலேருந்து காலையில டீக்கடை பன்னுதான். வங்கிக்காரம்மா வந்து அவன் எங்கேன்னு கேட்டாங்க. "என் வீட்டுக்காரி மெக்கானிக், வந்து ஒரு கை பார்ப்பா"ன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிட்டேன். அவங்க கைப்பிடியையும் பார்த்தாங்க, என்னையும் பார்த்தாங்க. "பாஸ் பண்ணிட்டாங்களா?"ன்னு கேட்டாங்க. அதனால சொல்றேன், வெள்ளிக்கிழமை மட்டும் வந்துடாதே. பாதி மெக்கானிக்கால இந்தக் கதவைத் திறக்க முடியாது.