நாலாவது ஷரத்தும் நீலத் தலையணையும்

மதிப்பிற்குரிய மச்சானும், மாடி அறையின் உரிமையாளரும், ஒப்பந்தத்தின் முதல் தரப்பாருமாகிய தங்களுக்கு, இரண்டாம் தரப்பார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் அனைவரும் நலம். இவ்விடம் என்றால் என் வீடு. அந்த மாடி அறையிலிருந்து எழுதுகிறேன் என்று தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டாம்.

தங்கள் நோட்டீஸ் கிடைத்தது. நாலாவது ஷரத்துப்படி அந்த அறை என் முதன்மைக் குடியிருப்பாக இருக்கக் கூடாது. மீறினால் ஒப்பந்தம் ரத்து. பத்திரம் எழுதியே தலை நரைத்த தாங்கள் சொந்தத் தங்கை புருஷனையும் நம்பாதது நியாயம்தான், நானே என்னை நம்புவதில்லை. ஆனால் நான் எதற்கு அறை எடுத்தேன் என்பது தங்களுக்குத் தெரியும். இங்கே புல்லாங்குழல் ஊதினால் உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து, "மூணாவது விசில் குக்கரா, நீங்களா?" என்று கத்துகிறாள். மனுஷன் எப்படிச் சாதகம் பண்ணுவது? ஆபீஸ் ஆண்டு விழாவுக்கு இன்னும் இருபது நாள்தான். அறை போனால் மானமும் போச்சு, மேடையில் வாசிக்கிறேன் என்று மேனேஜரிடம் வாய்விட்டுத் தொலைத்திருக்கிறேன்.

சோதனையில் நீலத் தலையணை, பல் பிரஷ், தலைக்கு எண்ணெய் மூன்றும் அகப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவை என்னுடையவை அல்ல. சாயங்காலம் போனால் அங்கே இருக்கும். மச்சானுக்கு என்ன தாராள மனசு என்று நினைத்துக்கொண்டேன். தலையணையை ஜன்னலில் அடைத்துத்தான் ஊதுகிறேன். எண்ணெயைக் குழலுக்குப் பூசினேன், என் தலைக்கு அது பத்து வருஷமாகத் தேவைப்படவில்லை. பிரஷ்ஷால் குழலின் துளைகளைச் சுத்தம் செய்கிறேன், அதற்கென்றே செய்தது போல் இருக்கிறது. அப்புறம், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் அறையிலிருந்து குறட்டை கேட்கிறது என்று கீழே சைக்கிள் கடைக்காரர் சொன்னாராமே! அந்த நேரத்தில் நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருக்கிறேன். என் குறட்டைக்குக் கிளை முழுக்கச் சாட்சி இருக்கிறது, வேண்டுமானால் கேஷியரைக் கேளுங்கள். தங்களிடம் இருப்பதை விட்டால் அறைக்கு ரெண்டே சாவி. ஒன்று என் பையில், இன்னொன்று வீட்டில் உப்பு டப்பாவுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. ஆகவே அது எலியாகத்தான் இருக்க வேண்டும்.

நான் முதன்மையாக இங்கேதான் குடியிருக்கிறேன் என்று வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் தங்கையிடம் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொன்னீர்கள். கேட்டேன். "இருபத்திரண்டு வருஷமா சோபாவுல பள்ளம் விழுந்து கிடக்கே, அதுகிட்ட வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தையல் கிளாஸுக்குக் கிளம்பிவிட்டாள். எட்டு மாசமாகத் தினமும் மத்தியானம் போகிறாள், பாவம், இன்னும் என் சட்டைக்கு ஒரு பித்தான்கூட வைத்தபாடில்லை. சாயங்காலம் கெஞ்சிக் கேட்டதில் சம்மதித்தாள். கையெழுத்துப் போட்டுத் தானே தபாலில் சேர்ப்பதாகச் சொல்கிறாள். தங்கமான மனசு, அப்படியே அண்ணனைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

தங்கள் மனைவியாருக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. பூட்டை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

தங்கள் அன்புள்ள,
இரண்டாம் தரப்பார்

பி.கு.: அண்ணா, நான்தான் எழுதறேன். அவர் முக்கியமா இங்கதான் குடியிருக்கார், சத்தியம், கையெழுத்துப் போட்டிருக்கேன். தையல் டீச்சர் கிளாஸை மூடி ஏழு மாசம் ஆச்சு. தலையணை என்னோடது. எலியும் நான்தான். தினமும் தூங்கி எழுந்து அந்த பிரஷ்லதான் பல் தேய்ச்சேன், இப்ப இதைப் படிச்சதுலேருந்து வாய் கொப்பளிச்சுக்கிட்டே இருக்கேன். ஒப்பந்தத்தை என் பேருக்கு மாத்திடு. அஞ்சாவது ஷரத்தா, புல்லாங்குழல் உள்ளே வரக் கூடாதுன்னு போடு. அவர் சாயங்காலம் வீட்டிலேயே தாராளமா ஊதட்டும், இனிமே நான்தான் அப்ப இங்க இருக்கமாட்டேனே. நாலாவது ஷரத்தைப் பத்தி நீ கவலைப்படாதே. எனக்கும் அது முதன்மைக் குடியிருப்பு இல்லை. ஆண்டு விழா முடியிற வரைக்கும் மட்டும் கொஞ்சம் கண்டுக்காம இரு.